பௌர்ணமிக்குப் பொரித்த குஞ்சுகள்

கோழியை அடை வைத்த சனிக்கிழமை சாயந்தரம் அம்மா இருந்தாள், நான் இருந்தேன், கூடையைப் பிடித்துக்கொண்டு என் தங்கை இருந்தாள். அப்பா இல்லை, படப்பையில் கொத்து வேலை. யாருக்காக அடை வைத்தோமோ அந்த டீச்சரும் இல்லை. இருந்திருந்தால் நாள் சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். இல்லை, கேட்டிருக்க மாட்டேன்.

தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா நாட்டுக்கோழி முட்டை விற்றாள். டீச்சர்தான் முதல் வாடிக்கை. அவர் வாங்கியதைப் பார்த்துத்தான் அந்த வரிசை முழுக்க வாங்கியது. சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பவர். போன ஈஸ்டருக்குத் தெருவில் வாங்கிய சாயக்குஞ்சுகள் மத்தியானத்துக்குள் செத்துப்போய்ப் பிள்ளைகள் அழுதார்களாம். இந்த முறை ஈஸ்டர் காலையில், அன்று பொரித்த குஞ்சு பன்னிரண்டு வேண்டும் என்றார்.

"எம்புள்ள படிச்சவன். நாளு தப்பாம குடுத்துடுவோம்மா," என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வங்கித் தேர்வுக்காக ஒரு பொது அறிவுப் புத்தகத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஈஸ்டருக்கு அரைப் பக்கம். வெங்காயத் தோலோடு வேகவைத்தால் முட்டை சிவக்கும். சில நாடுகளில் முட்டையை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவார்கள். அதைக் கொண்டுவருவது முயல். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"மொசலு எங்கடா முட்ட போடும்?"

"போடாதும்மா. கொண்டாந்து வெக்கும்."

"அப்ப போட்டது கோழி. பேரு மட்டும் மொசலுக்கு."

அதே பக்கத்தில், மார்ச் இருபத்தொன்றுக்கு மேல் வரும் பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறுதான் ஈஸ்டர் என்றிருந்தது. நாள்காட்டித் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை. அதிலிருந்து இருபத்தொரு நாள் பின்னால் எண்ணி, காலையிலேயே குஞ்சு தயாராக இருக்க ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டேன். இன்னும் ஐந்து தாள் தூக்கியிருந்தால் புனித வெள்ளி என்று அச்சடித்திருந்தது கண்ணில் பட்டிருக்கும். தூக்கவில்லை. கூடையில் மணல், பதினைந்து முட்டை, இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்புத் துண்டு. கோழி ஏறி உட்கார்ந்தது.

சொன்ன நாளில் பதின்மூன்று பொரித்தன. பன்னிரண்டைக் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனேன். சர்ச் வாசலில் கையில் தென்னங்குருத்தோடு ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் கூடைக்குள் பார்த்தார்.

"இன்னைக்குக் குருத்தோலை ஞாயிறு தம்பி. ஈஸ்டர் அடுத்த வாரம்."

"பௌர்ணமி இன்னைக்குத்தானே டீச்சர்?"

"பௌர்ணமி ஞாயித்துக்கெழமையே வந்தா, அதுக்கு அடுத்த ஞாயிறுதான். பரவால்ல, பத்திரமா வச்சிருங்க."

ஒரு வாரம். என்னால் உட்காரவே முடியவில்லை. பம்மலில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்; பேனாவைப் பிடித்தால் பருந்துதான் ஞாபகம் வந்தது. திங்கள் மத்தியானம் சொல்லாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குள் காக்கை இரண்டைத் தூக்கியிருந்தது. செவ்வாய், புதன், வியாழன் வேலைக்கே போகவில்லை. கையில் குச்சியோடு கோழி போன இடமெல்லாம் போனேன். அப்படியும் புதனன்று பக்கத்து வீட்டுப் பூனை இரண்டைக் கொண்டுபோனது. மீதி ஒன்பதும் நாளுக்கு நாள் காலில் உயர்ந்துகொண்டு வந்தன.

"அண்ணே, இதுங்களுக்கு றெக்க மொளைக்குது," என்றாள் தங்கை.

"சும்மா இரு."

"நான் இன்னா பண்ணட்டும், மொளைக்குதே."

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சு அங்கே கூடை கூடையாகக் கிடைக்கும். சைக்கிளை எடுத்தேன். அம்மா பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்தக்குஞ்சு செத்துதான அந்தம்மா நம்ம கையில கேட்டுது? நம்மகிட்ட கீறத எடுத்துகினு போவோம். நானும் வரேன்."

"கொறையுதேம்மா. வளந்தும் போச்சு."

"அத்த நான் சொல்லிக்கிறேன். தப்பு உன்னுதுன்னும் சொல்லுவேன்."

ஈஸ்டர் காலையில் டீச்சரிடம் அப்படியே சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் கூடையைத் திறந்து ஒரு பையன் கையில் குஞ்சை வைத்தார். அது குதித்து ஓடியது. அவன் பின்னால் ஓடினான். கூடையைச் சாய்த்ததும் சர்ச் மைதானம் முழுக்க ஓட்டம். கையில் குஞ்சு இல்லாதவர்களும் துரத்தினார்கள். யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலைந்தது எங்கள் கோழிதான். தாயில்லாமல் ஒன்பதும் தங்காது என்று அம்மா அதையும் கூடவே கொண்டுவந்திருந்தாள்.

"இதையும் இங்கயே விட்டுட்டுப் போறீங்களா?" என்று டீச்சர் கேட்டார். "வீட்டுப் பின்னால வளக்கறேன். பிள்ளைங்க வந்து பாக்கட்டும்."

அம்மா ஒரு நிமிஷம் கோழியைப் பார்த்தாள். சரி என்றாள். டீச்சர் பர்ஸைத் திறந்தபோது கையை மறித்துவிட்டாள். "நாளு தப்புனது நாங்கம்மா. முட்ட மட்டும் எப்பவும்போல வாங்கிக்கங்க."

வாங்கினார். அந்த வரிசையில் ஒரு வீடும் முட்டை வாங்குவதை நிறுத்தவில்லை. கோழி அறுபது ரூபாய் பெறும். போகாத மூன்று நாளுக்கும் ஓடிவந்த அரை நாளுக்கும் கிடங்கில் பிடித்தது எண்பத்தைந்து. அந்த ஐந்து தாளைத் தூக்காததற்கு நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.