சூளை ஆறுமுன் வந்த அதிதி

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. செட்டிபாளையத்தில் வாவிக் கரைப் பக்கமாக இருக்கும் எங்கள் கலை நிலையத்தில் நடந்தது. அன்றைய நாட்குறிப்பை இப்போது எடுத்து வாசித்தாலும் எனக்குக் கொதிக்கிறது.

நான் கண்ணாடியில் சித்திரம் செய்பவள். அசைவூட்டப் படமும் கற்பிக்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் எங்கள் வேலை. கண்ணாடித் தகட்டின்மேல் நிறக் கண்ணாடித் தூளால் படம் வரைந்து, மின்சூளையில் உருக்கி ஒட்டவைப்போம். தகட்டுக்குத் தகடு படம் சற்றே நகர்ந்திருக்கும். வரிசையாக வெளிச்சப் பெட்டியில் வைத்துப் படம் பிடித்தால் சித்திரம் அசையும்.

தோணிக்காரர் ஒருவரின் மகள் என் மாணவி. வாவியில் வலை வீசும் மனிதரை அறுபது தகடுகளில் செய்துகொண்டிருந்தாள். நான்கு மாத வேலை. வலை கையை விட்டு விரியும் கடைசிப் பன்னிரண்டு தகடுகளும் அன்று சூளைக்குள் இருந்தன. இரண்டரை மணிக்குச் சூளை ஆறிவிடும். நான்கு மணிக்குக் கண்காட்சி, அதிலே அவளுடைய படம். எல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

கண்காட்சியைத் திறந்துவைக்க அழைத்திருந்த பிரதம அதிதி காலை 10.20க்கே வந்து நின்றார். மாலையில் அவருக்கு ஒரு கலியாண வீடாம். சூளையைத் திறந்து காட்டச் சொன்னார்.

"சூளை இன்னும் 310 பாகைச் சூட்டில நிக்குது சேர். இப்ப திறந்தாக் கண்ணாடி வெடிச்சிரும். மறுகா, ரெண்டரைக்குத் திறப்பம்" என்றேன்.

"ஒரு போட்டோவுக்குத்தானே மிஸ்! நான் என்ன, அதைத் திண்டு போடவா போறன்?"

கூட வந்த நான்கு பேரும் சிரித்தார்கள். எங்கள் நிலையப் பொறுப்பாளர் என் காதருகே வந்தார். "வந்த மனிசனைச் சும்மா அனுப்பேலுமா? கொஞ்சமாத் திறங்க மிஸ்."

திறந்தேன். அவர் பூமாலையோடு குனிந்து உள்ளே கையைக் காட்டினார். படம் எடுத்தார்கள். பதினைந்து செக்கன்தான் இருக்கும். மூடிய பிறகு உள்ளே 'டிக்' என்றது. பிறகு இன்னொன்று.

"படத்துக்குச் சத்தமும் போட்டிருக்கீங்களோ மிஸ்?" என்று கேட்டுவிட்டு அவர் வாகனத்தில் ஏறினார்.

இரண்டரைக்குத் திறந்தபோது பதினொரு தகடுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. அதற்குள் அவருடைய படம் முகநூலில் வந்துவிட்டது. அந்தப் படத்தில் பன்னிரண்டும் முழுசாக இருந்தன. நான்கு மணிக்குத் திரையில் மாணவி வரைந்த மனிதர் வலையோடு கையை ஓங்கினார். அத்தோடு திரை இருண்டது.

சனம் போனபிறகு, "அறிவு கெட்ட மனிசன்" என்று நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாணவி நிமிரவில்லை.

"அவருக்குத் தெரியாது மிஸ். உங்களுக்குத் தெரியும்தானே? நாங்க கேட்டிருந்தாத் திறந்திருப்பீங்களா?"

நானும் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன்.

அவர்மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அது நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பெரிய மனிதர் ஒருவர் முன்னால் 'ஏலாது' என்று சொல்லவேண்டிய நேரத்தில் என் குரல் தணிந்தால், உடைவது என் உழைப்பல்ல, என்னை நம்பி ஒரு பிள்ளை கையில் தந்த உழைப்பு என்பதை அவள்தான் எனக்குப் படிப்பித்தாள்.