பானைத் தண்ணீரில் அலசிய ஊசி

அறுபதுகளில் திருப்பூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். வலிக்காமல் ஊசி போடுகிறவன் என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தீபாவளி நெருக்கத்தில் பனியன் கம்பெனி ஆட்கள் சத்து ஊசிக்கு வரிசையில் நிற்பார்கள். கூட்டம் டாக்டருக்கு இல்லை, என் கைக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. அதில் கொதிக்க வைத்தால் கண்ணாடி சிரிஞ்சில் வெள்ளையாகப் படியும், ஊசி அடைத்துக்கொள்ளும். அதனால் கொதித்து எடுத்ததும், குடிக்க வைத்திருந்த பானையிலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு அலசிவிடுவேன். உப்பும் போகும், சூடும் ஆறும். இந்தச் சுத்தம் வேறு எவனுக்கு வரும் என்று இருந்தேன்.

அந்த வருடம் தீபாவளி கழிந்து சில வாரங்களில், ஊசி போட்ட இடத்தில் கட்டி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். காய்ச்சல் இல்லை. கட்டி உடைந்து, ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. பென்சிலினுக்கும் கேட்கவில்லை. அழுக்குக் கையால் சொறிந்திருப்பீர்கள் என்று அவர்கள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

அவர்களில் ஒருத்தி பனியன் மடிக்கிறவள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். டாக்டர் அவள் சீழைக் கோயமுத்தூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். காசநோய்க் கிருமியின் வகையறா என்று பதில் வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வெளியே காத்திருந்தவர்களிடம் அவளுக்கு டீபி என்று சொல்லிவிட்டேன். மறுநாளே கம்பெனியில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். இது டீபி இல்லை, ஆளுக்கு ஆள் ஒட்டாது, மண்ணிலும் தண்ணீரிலும் கிடக்கிற கிருமி என்றார். கொதித்த ஊசியை எதில் அலசுகிறாய் என்று கேட்டார். கொதிக்காத தண்ணீர் இருந்த பானையைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று மத்தியானமே கம்பெனிக்குப் போனேன். மடிக்கிற பெண்கள் எல்லோரும் கேட்க, அவளுக்கு டீபி இல்லை, தப்பு என் தண்ணீரில் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவமானமாகத்தான் இருந்தது. அவளை வேலைக்கு வரச்சொல்லுங்க என்றவர், எங்கள் ஆட்கள் இனி உங்களிடம் ஊசிக்கு வர மாட்டார்கள் என்றும் சொன்னார். வரவும் இல்லை.

அவள் மட்டும் வந்தாள். கட்டியைக் கீறி எடுக்க வேண்டும். அதற்கு முன் மரத்துப்போக ஊசி. இந்த முறை நல்ல தண்ணீரிலேயே கொதிக்கவிட்டு, மூடியபடி வைத்தேன்.

“ஆற நேரமாகும்” என்றேன்.

“ஆறட்டுமுங்க. நானு இருக்கறனுங்க” என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்து பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைக்கு முதல் குத்தில் ஊசி சரியாக இறங்கவில்லை, மறுபடி குத்தினேன். அவளுக்கு நன்றாகவே வலித்திருக்கும்.