சிலேட்டுக் குச்சி பழகாத கை

கோட்டாறு சந்தையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த காலத்தில், மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் தெருக்கூட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். பிள்ளைகளிடம் மட்டும் பேச்சு வந்தது.

"இதுவ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போவுதுவ?" என்று கடைக்காரர்கள் சிரிப்பார்கள். மறுநாளும் சொல்லிக்கொடுப்பேன். அதுதான் என் பதில்.

அவர்களில் ஒரு சிறுமி கெட்டிக்காரி. 'உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன்' என்று தினமும் அவளிடம் சொல்லிவந்தேன். ஒருநாள் அவள் அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"ஆச காட்டி மோசம் பண்ணிராதீங்கோ அண்ணாச்சி. எப்பம் போவலாம், எப்பம் போவலாம்னு கேட்டு அரிச்செடுக்கா."

அன்றிலிருந்து எனக்கும் பயம். அந்த வாரமே சிறுமியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

தலைமையாசிரியர் சிலேட்டை நீட்டி, பெயரை எழுதச் சொன்னார். அவள் அழுத்திய அழுத்தில் குச்சி ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலேட்டு வாங்க வழியில்லாமல், மணலில் விரலால் மட்டுமே எழுதப் பழக்கியிருந்தேன்.

"நீரு எம்புட்டு படிச்சிருக்கீருவே?" என்று என்னைக் கேட்டார்.

"நாலாங்கிளாஸு."

"நாலாங்கிளாஸு வாத்தியாரு! அப்பம் நான் எதுக்குவே இங்க இருக்கேன்? கூட்டிட்டுப் போவும்."

சிறுமி முற்றத்தில் இறங்கி, குந்தியிருந்து, மணலில் பெயரை எழுதினாள். தலைமையாசிரியர் பின்னால் இறங்கிவந்து செருப்புக்காலால் அழித்தார். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தார். மூன்றாம் முறை முழ நீளத்துக்கு எழுதினாள்.

"ஏட்டி, எத்தன தடவ எழுதுவ?"

"நீங்க எத்தன தடவ அழிப்பியளோ, அத்தன தடவ சார்."

சன்னலில் கூடியிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது.

"சரி, சேத்துக்கிடுகேன். பின்னால, தரையில இருக்கட்டும்."

தரையில் உட்கார வைக்கவா இத்தனை நாள் ஆசை காட்டினேன்?

"தரையில இருக்கமாட்டா சார். பெஞ்சுல இருப்பா."

"முடியாதுன்னா?"

"நாளைக்கும் வருவோம். மிச்சப் பிள்ளையளயும் கூட்டிட்டு வருவேன். முத்தம் பெருசாத்தானே கெடக்கு."

அவர் என்னை வெகுநேரம் முறைத்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில், "பெஞ்சுலயே இருக்கட்டும்" என்று கோபத்தோடுதான் பதிவேட்டைத் திறந்தார். கோபத்தோடு எழுதினாலும் பெயர் பெயர்தான். சந்தோஷமாகச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லையே.