தும்பிக்கை திரும்பிப் போன பேண்டு

பட்டாளத்தில் அவருக்குத் தும்பிக்கை என்று பெயர். ட்யூபா என்கிற அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் பாதி மறைந்துபோவார். வாத்தியத்தின் அகன்ற வாய்தான் தலைக்கு மேல் நிற்கும். உண்மையில் அவர் அங்கே லாரி டிரைவர். ரெஜிமெண்ட் பேண்டில் ஆள் பற்றாமல் போனபோது, "தோள் அகலமா இருக்கு, நீ தூக்கு" என்று கையில் கொடுத்தார்கள். தூக்கியவர் கீழே வைக்கவில்லை. பகலில் லாரி, சாயங்காலம் ட்யூபா என்று அங்கேயே அவருக்கு வயதானது.

பணிக்காலம் முடிந்து வீட்டுக்கு வந்தார். மனைவி நர்ஸ், மகள் பள்ளியில் கடைசி வகுப்பு. யார் முதலில் குளிப்பது, எந்த நாற்காலி யாருடையது, மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றுவது எல்லாம் அவர் இல்லாமலே எப்போதோ முடிவாகியிருந்தன. சமையலறையில் நின்றால் மனைவிக்கு வழி மறித்தார். கூடத்தில் உட்கார்ந்தால் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இருவரும் அவரிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "லீவுல வர்ற ஆளை எப்படிக் கவனிக்கறதுன்னு எனக்குத் தெரியுங்க. வந்துட்டுத் திரும்பிப் போகாத ஆளை என்ன பண்றதுன்னுதான் தெரியல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவரும் சிரித்தார்.

பிறகு அவளுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. மகளுக்கும் அங்கேயே கல்லூரி. "நீங்களும் வாங்க" என்று அவள் சொல்லவில்லை, "வராதீங்க" என்றும் சொல்லவில்லை. சண்டை இல்லை, கோர்ட்டு கச்சேரி இல்லை. பெட்டிகளை அவர்தான் இறக்கி வண்டியில் ஏற்றினார். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியதும் அவர்தான். வண்டி போன பிறகு மாடி ஏறி வந்தால், மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த வேகத்தில் வைப்பது என்று கேட்க இப்போது யாரும் இல்லை. அப்படியே விட்டுவிட்டார்.

டவுன் பஸ் ஓட்டும் வேலையில் சேர்ந்தார். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனங்கள். பேசத்தான் ஒருவரும் இல்லை. "டிரைவரோடு பேசாதீர்கள்" என்று அவர் தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது.

மூடப்பட்ட ஒரு பள்ளியின் சாமான்களோடு ஒரு நசுங்கிய ட்யூபா வந்திருப்பதை ஒரு பழைய கடையில் பார்த்து, யோசிக்காமல் வாங்கி வந்தார். ஆனால் ட்யூபா தனியாக வாசிக்கிற வாத்தியம் இல்லை. பாட்டு மேலே கிளாரினெட்டிலும் ட்ரம்பெட்டிலும் போய்க்கொண்டிருக்கும். இது அடியில் நின்று தோள் கொடுக்கும், அவ்வளவுதான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய அணிவகுப்பு மார்ச் ஒன்றை ஊதியபோது கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து கதவைத் தட்டினாள்.

"மோட்டாரை நிறுத்த மறந்துட்டீங்களா? தொட்டி வழியப் போகுது."

அதன் பிறகு டிப்போவில்தான் வாசித்தார். மதிய ஓய்வில், காலி பஸ்ஸின் கடைசி சீட்டில், ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு. ஒருநாள் மெக்கானிக் படியில் காலை வைத்து எட்டிப் பார்த்தான்.

"என்ன டிரைவரே, வண்டிக்கு ஹாரன் மாத்துறீங்களா?"

"பழகிட்டு இருக்கேன்."

மெக்கானிக் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். "இது என்ன பாட்டு?"

"பாட்டு இதுல இல்லப்பா. அது மத்தவங்ககிட்ட இருக்கு."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மழைக்காலத்தில் ஒரு காலை, முன்வாசல் வழியாக ஏறிய கிழவர் ஒருவர் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்: "டேய் தும்பிக்கை!"

ரெஜிமெண்ட் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவர். அந்தப் பெயர் காதில் விழுந்த அதிர்ச்சியில் இவர் அடுத்த நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டார். நாலு பேர் திட்டினார்கள். கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"நம்ம பேண்டுக்கு ஆள் எடுக்கறாங்கடா. பழைய சிப்பாய்ங்களும் வரலாமாம், வயசு பாக்க மாட்டாங்களாம். துப்பாக்கி வேணாம், வாத்தியம் போதும்."

தேர்வு முகாமில் ஒரு நீளமான அறை, சுவரோரம் பெஞ்சு. இளைஞர்கள் வெளியே நிழலில் நின்று காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெஞ்சில் இருந்தது பழைய ஆட்கள் மூன்று பேர். அவரைத் தவிர, ட்ரம்பெட்டோடு ஒரு பட்டாளச் சமையல்காரர், கிளாரினெட்டோடு வயர்லெஸ் பிரிவில் இருந்த ஒரு அம்மாள்.

"உங்களுக்கு என்ன குறை, இந்த வயசுல?" என்று அந்த அம்மாள் சமையல்காரரைக் கேட்டாள்.

"மருமக பிரமாதமா சமைக்கிறா. அதான் குறை. அடுப்புப் பக்கமே என்னை விட மாட்டேங்கறா." சிரித்தபோது புதிதாகக் கட்டிய பல்வரிசை பளபளத்தது. "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"வீட்டுல நான் எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு. வயர்லெஸ்ல ஒரு தடவை சொன்னா அந்தப் பக்கத்துல 'சரி'ன்னு பதில் வரும்."

இருவரும் தும்பிக்கையைப் பார்த்தார்கள். அவர் வாத்தியத்தின் நசுங்கலைத் தடவிக்கொண்டு, "சும்மாதான் வந்தேன்" என்றார்.

தனியாக வாசித்தபோது மூச்சு இரண்டு இடத்தில் அறுந்தது. அதற்குப் பிறகு பேண்ட் மாஸ்டர் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்து ஒரு மார்ச்சை எடுக்கச் சொன்னார். மாஸ்டரின் கை இறங்கியது. பஸ்ஸின் கடைசி சீட்டில் இத்தனை மாதம் தனியாக ஊதிய அதே அடிகள். இப்போது அவற்றின் மேல் கிளாரினெட் ஏறியது, ட்ரம்பெட் ஏறியது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கையில்லை, ஊதிக்கொண்டே இருந்தார்.

ட்யூபாவுக்கு வேறு ஆளே வரவில்லை. அவரை எடுத்துக்கொண்டார்கள். சமையல்காரரை ஊதும்போது புதுப் பல் கவிழ்த்துவிட்டது. கிளாரினெட்டுக்கு இளைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வாசலில் அந்த அம்மாள் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "போங்க, போய் எனக்கும் சேர்த்து ஊதுங்க" என்றாள். அவள் ஆட்டோவில் ஏறிய பிறகுதான், எங்கே இருக்கிறாள் என்று கேட்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது.

மனைவிக்குப் போன் செய்து சேதியைச் சொன்னார்.

"லீவு எப்போன்னு முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள். குரலில் நிம்மதி தெரிந்தது. அவருக்கும் ஏதோ இறங்கின மாதிரிதான் இருந்தது.

ஆனால் அவர் விட்டுவிட்டு வந்த பட்டாளம் அங்கே இல்லை. அந்தக் காலத்தில் கட்டிலுக்கும் வாளிக்கும் சண்டை நடக்கும். ஒருவன் வீட்டுச் சேதி எல்லோருக்கும் தெரியும். இப்போது அவர் உள்ளே வந்தால் பையன்கள் எழுந்து நின்றார்கள்.

"உட்காருங்கப்பா, நானும் உங்களை மாதிரிதான்."

"சரிங்க ஐயா" என்று உட்கார்ந்தார்கள். பேச்சு மட்டும் நின்றுவிடும். ஆளாளுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு தங்கள் போனுக்குள் போய்விடுவார்கள். ஒருமுறை அவராகவே, "பழைய ஆளுங்க என்னைத் தும்பிக்கைன்னு கூப்பிடுவாங்க" என்று சொல்லிப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்கள். மறுநாளும் ஐயாதான். தன் வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு மாறி வந்திருக்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டு பூட்ஸைத் துடைப்பார். ஒத்திகை நடக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். வாத்தியங்களைப் பெட்டியில் வைத்ததும் ஆளுக்கொரு திசை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அடக்கம் வந்தது. யாரோ ஒரு பழைய சிப்பாய், ஆஸ்பத்திரியில் இறந்தவர். இடுகாட்டில் பார்த்தால் உறவென்று ஒருவரும் இல்லை. குழி வெட்டியவர், பெட்டி தூக்கிய சிப்பாய்கள், ஒரு அதிகாரி, பேண்டு, அவ்வளவுதான். வெயில் கொளுத்தியது.

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "கேக்கறதுக்கு யாரும் இல்லையே, சுருக்கமா முடிச்சிடலாமா?"

பேண்ட் மாஸ்டர் தும்பிக்கையைப் பார்த்தார். அந்த இரங்கல் மார்ச்சில் தொடக்கத்தில் ட்யூபா மட்டும் தனியாக வரவேண்டும். மற்றவர்கள் அதன் பிறகுதான்.

"முழுசா வாசிக்கலாம் சார்" என்றார் தும்பிக்கை. அவரைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டார்.

தனியாக ஆரம்பித்தார். மூச்சு அறவில்லை. இடுகாட்டுச் சுவர்வரை போய்த் திரும்பியது அந்தச் சத்தம். ட்ராம்போன் வாசிக்கும் பையன் வாத்தியத்தைத் தூக்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுதாரித்துச் சேர்ந்துகொண்டான். கடைசி அடிவரை வாசித்தார்கள்.

திரும்பி வரும்போது லாரியில் யாரும் காதில் எதையும் மாட்டவில்லை.

"ஐயா, அவருக்கு யாருமே இல்லையா?" என்று ட்ராம்போன் பையன் கேட்டான்.

"இருந்திருப்பாங்கப்பா. எல்லாருக்கும் யாராவது இருப்பாங்க. சேதி போயிருக்காது."

"உங்க வீட்ல?"

"பொண்ணு இருக்கா. படிக்கறா." சற்று நிறுத்தி, "பேசணும்" என்றார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் வழக்கம்போல ஓரத்து மேசையில் இருந்தார். ட்ராம்போன் பையன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். என்ன பேசுவதென்று அவனுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டார்கள். நடுவில் அவன் உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினான். சாப்பாட்டில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டார்.