இரண்டாவது பிரேக்

ஸ்டீயரிங் ஒருவர் கையிலும் பிரேக் இன்னொருவர் காலடியிலும் இருந்தால், அந்த வண்டியை ஓட்டுவது யார்? இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. யாராவது அவரிடம் கேட்டிருந்தால், "லைசென்ஸ் யார் பேருல வருதோ அவங்கதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் அவர் வாழ்க்கை இந்த ஒரே கேள்வியைத்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் கற்பவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இருக்கையில்தான் அவர் தன் இளமையையும், அதற்குப் பிறகு வந்ததில் பெரும்பகுதியையும் உட்கார்ந்து தீர்த்தார். அந்த இரண்டாவது பிரேக்கை அவரைப்போல் மிதிக்க ஆள் கிடையாது. குறுக்கே போகலாமா வேண்டாமா என்று நாய் யோசிக்கும்போதே அவர் மிதித்திருப்பார். அதனால் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர் வந்தது. கேலியாக வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

அவர் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதற்காக ஊரே அவரைப் புகழ்ந்தது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. எதிலும் இடிக்காத வண்டியில் உட்கார்ந்தவர்கள் கற்றது என்ன என்பது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம். லைசென்ஸ் தேர்வின்போதும் ஆய்வாளர் பின்சீட்டில்தான் உட்காருவார்; மாஸ்டர் முன்னால், தன் இடத்தில். அவரிடம் படித்தவர்கள் தேர்வில் தோற்றதே இல்லை.

தேறிப்போன ஒரு வங்கி அம்மாள் சில மாதம் கழித்துத் தன் சொந்தக் காரோடு வந்து நின்றார்.

"மாஸ்டர், என் வண்டியில ஏதோ கோளாறு. நிக்க வேண்டிய இடத்துல நிக்க மாட்டேங்குது."

"மெக்கானிக்கிட்ட காட்டுனீங்களா மேடம்?"

"காட்டினேன். பிரேக்கெல்லாம் புத்தம்புதுசா இருக்குன்னு சொல்றான். ஆனா போன வாரம் எங்க வீட்டு கேட்டையே இடிச்சிட்டேன். உங்க வண்டி மட்டும் எப்படி மாஸ்டர் சொன்ன பேச்சு கேக்குது?"

"பராமரிப்பு மேடம், பராமரிப்பு" என்றார் மாஸ்டர். அன்று முழுவதும் அவர் முகத்தில் அந்தப் பெருமை இருந்தது.

காதோரம் நரைத்த பிறகுதான் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தார். விடிந்ததும் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார். மாஸ்டருக்குப் பிற்பகல் வகுப்பு. ஆகவே காலைப் பொழுது அப்பனுக்கும் மகளுக்கும் சொந்தம். பயிற்சிப் பள்ளி முதலாளி, "ஆபீஸ் போறவங்க காலையிலதான்யா வர முடியும், ஒரு காலை பேட்ச் எடுய்யா" என்று வருஷக்கணக்காகக் கெஞ்சினார். மாஸ்டர் மசியவில்லை. பிற்பகல் முழுக்க அவர் யாருக்காகவோ பயந்துகொண்டிருப்பவர். காலையில் மட்டும்தான் தனக்குப் பிடித்த ஒருத்திக்காகப் பயந்தார்.

விளைவு எதிர்பார்த்ததுதான். வாண்டு விழுமுன் அவர் பிடித்தார். கேட்குமுன் கொடுத்தார். மென்றுவிட்டாளா என்று வாயைத் திறந்து பார்த்தார். மூன்று வயது முடிந்தும் அவளுக்குச் செருப்பு மாட்டத் தெரியாது. காலை நீட்டத் தெரியும்.

இதைக் கண்டு முதலில் பொறுமையிழந்தவர் மனைவி. அவர் இரண்டு சனிக்கிழமை எங்கோ போய் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, வீட்டிலேயே மாண்டிசோரி முறையில் குழந்தைகளைப் பழக்குவது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்தார். செருப்பு ஸ்டாண்டைக் கழுவித் துடைத்து ஹாலில் சுவரோரமாக வைத்தார். செருப்புகள் வாசலுக்குப் போயின. ஸ்டாண்டின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு டிரே. ஒன்றில் இரண்டு கிண்ணமும் ஒரு கரண்டியும் கொஞ்சம் பட்டாணியும். ஒன்றில் மாஸ்டருடைய பழைய சட்டையின் முன்பக்கத்தை வெட்டி ஒரு மரச்சட்டத்தில் அடித்தது, பொத்தான் போட்டுப் பழக. ஒன்றில் வெள்ளரிக்காயும் மழுங்கிய கத்தியும். மேல்தட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூஜாவும் ஒரு கண்ணாடி டம்ளரும். டம்ளரைச் சுற்றி நீல டேப் ஒட்டிய கோடு. அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி நிறுத்த வேண்டும்.

"கண்ணாடியா? பிளாஸ்டிக்ல வாங்கக் கூடாதா?" என்றார் மாஸ்டர்.

"பிளாஸ்டிக்கைப் போட்டா உடையாது. உடைஞ்சாத்தானே மெதுவா வைக்கணும்னு தெரியும்."

"உடைஞ்சா கூட்டுறது யாரு?"

"அவதான். அதுக்குத்தான் அந்தச் சின்ன விளக்குமாறு."

மாஸ்டர் விளக்குமாற்றைப் பார்த்தார். அது அவரைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

விதிகளை மனைவி சுருக்கமாகச் சொன்னார். ஒருமுறை, பேசாமல், மெதுவாகச் செய்துகாட்ட வேண்டும். அப்புறம் விலகி உட்கார வேண்டும். தப்பை டம்ளர் காட்டிக்கொடுக்கும்; நாம் காட்டிக்கொடுக்கக் கூடாது. "முக்கியமா நீங்க கையை வைக்கக் கூடாது. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் பாக்கிறேன். தன் வேலையைத் தானே செய்யப் பழகிட்டாள்னா இன்னும் ஒரு வருஷம் வீட்டுல உங்ககூடவே இருக்கட்டும். இல்லைன்னா தெருமுனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவேன். அங்க உங்களை உள்ளேயே விட மாட்டாங்க."

ஆக, அவருடைய காலைப் பொழுதுகள் எல்லாம் இப்போது ஒரு டம்ளரில் ஒட்டிய நீலக் கோட்டில் வந்து நின்றன.

பேசாமல் செய்துகாட்டுவது அவர் தொழிலுக்கே விரோதம். முதல் நாள், "ரைட்ல பாரு, லெஃப்ட்ல பாரு, இப்போ ஊத்து, ஊத்து, மெதுவா, மெதுவா, விடு விடு விடு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கூஜா காலியாகிவிட்டது. மறுநாளிலிருந்து வாயை மூடிக்கொண்டார். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். மகள் குட்டி மேசைக்கு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம் ஒரு முக்காலியில். பெரிய மனிதர் ஒருவர் தன் கைகளையே சிறைவைத்துக்கொண்டு பட்டாணிக்காக வியர்ப்பதைப் பார்க்கச் சிரிப்பு வரும். வேதாந்தம் படித்தவர்கள் பலருக்கு வராத அடக்கம் அது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம்.

பட்டாணி சிந்தியது, பொறுக்கப்பட்டது. வெள்ளரிக்காய் விதவிதமான வடிவங்களில் நறுக்கப்பட்டது. பொத்தான் வேலை இழுத்துக்கொண்டே போனது. தண்ணீர் ஊற்றுவதில் மட்டும் வாண்டு சீக்கிரமே தேர்ந்துவிட்டாள். கூஜாவைச் சாய்ப்பாள், நீர் ஏறும், கோட்டைத் தொட்டதும் டக்கென்று நிமிர்த்துவாள். மதியம் வந்த மனைவிக்கு ஒருமுறை செய்து காட்டியபோது அவர் கணவனை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"நிஜமாவே நீங்க கையை வைக்கலையா?"

"சத்தியமா வைக்கலை. நீ வேணா அவளையே கேளு."

"அப்பா கை வைக்கலை" என்றாள் வாண்டு. அது உண்மை.

ஒருநாள் மனைவி லீவு எடுத்து வீட்டிலிருந்தார். மாஸ்டர் மாணவர்களைத் தேர்வுக்கு அழைத்துப் போயிருந்தார். மனைவி தன் தங்கையை வீடியோவில் கூப்பிட்டு, போனைக் குட்டி மேசைமேல் சாய்த்து வைத்தார்.

"பாருடி, எங்க வீட்டு வாண்டு என்ன பண்றாள்னு. உன் பையன் அஞ்சு வயசுல இன்னும் டம்ளரைத் தட்டி விடுறான்ல?"

"எங்கே, காட்டு பாக்கலாம். உன் புருஷன் வளர்ப்பாச்சே, நல்லாத்தான் இருக்கும்" என்றாள் தங்கை.

வாண்டு கூஜாவைச் சாய்த்தாள். நீர் ஏறியது. கோட்டைத் தொட்டது. தாண்டியது. விளிம்பைத் தாண்டி மேசையில் பரவி, போனுக்கு அடியில் புகுந்தது. வாண்டு டம்ளரைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஏய், நிறுத்து! கீழே என்னடி பாக்கிறே?"

"அப்பா கால்" என்றாள் வாண்டு.

போன் நனைந்து தங்கையின் சிரிப்பு பாதியில் நின்றது.

மாலை மாஸ்டர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது. விசாரணை என்றுகூடச் சொல்ல முடியாது. சாட்சி ஏற்கெனவே நடித்தே காட்டிவிட்டாள். முக்காலியில் ஏறி உட்கார்ந்து, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து, வலது பாதத்தைத் தரையில் ஓங்கி அழுத்தினாள். "அப்பா இப்படிப் பண்ணா நான் நிறுத்திடுவேன்."

"நான் கையே வைக்கலையே" என்றார் மாஸ்டர்.

"ஆமா, கால் வெச்சிருக்கீங்க."

"அது தன்னால போகுதும்மா. நான் வேணும்னா மிதிக்கிறேன்?"

"அந்த பேங்க் மேடம் கேட்டை இடிச்சாங்களே, அவங்க வண்டிக்குக் கோளாறுன்னு நீங்களும் நம்பிட்டீங்க. இப்போ நம்ம வீட்டு வண்டிக்கும் அதே கோளாறு."

வங்கி அம்மாளின் கேட் அப்போதுதான் மாஸ்டர் மனதில் இடிபட்டிருக்க வேண்டும்.

மறுநாள் முக்காலி சமையலறைக்குப் போய்விட்டது. மாஸ்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது பாதம் இடது தொடைக்கு அடியில் சிக்கிக்கொண்டது. கை, வாய், கால் எல்லாம் அடைக்கப்பட்ட ஓர் ஆள். யோகம் பயில்பவர்கள் இந்த நிலையை அடையப் பாடுபடுகிறார்கள் என்று கேள்வி. மாஸ்டருக்கு அது ஒரே காலையில் வாய்த்தது, நிம்மதி மட்டும் வரவில்லை.

பிறகு வந்த காலைகள் ஈரமானவை. வாண்டு அவர் காலைத் தேடினாள்; காணவில்லை. ஊற்றினாள், வழிந்தது. ஸ்பாஞ்சை எடுத்துத் துடைத்து வாளியில் பிழிந்தாள். மறுபடி ஊற்றினாள். ஒரு டம்ளர் உடைந்தது. கூட்டினாள், கூட்டத் தெரியாமல் கூட்டினாள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஓரிரு வாரத்தில் தண்ணீர் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ, ஆனால் டம்ளருக்குள் நிற்க ஆரம்பித்தது. அப்புறம் கோட்டிலேயே நின்றது.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தபோது மனைவி பரீட்சை வைத்தார். கணவனைச் சுவரோரமாக, சம்மணத்தோடு, உட்கார வைத்தார். தான் சமையலறை வாசலில் நின்றுகொண்டார்.

வாண்டு கூஜாவை இரண்டு கையாலும் எடுத்து வந்தாள். சாய்த்தாள். அவள் கண் டம்ளரில்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை அப்பா பக்கம் போய்த் திரும்பியது. நீர் நீலக் கோட்டைத் தொட்டது. நிமிர்த்தினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கூஜாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, இப்போ மூச்சு விடு."

மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மூடி கீழே விழுந்தது. "பாவம், உங்களுக்குத்தான் பரீட்சை போல. சரி சரி, பாஸ். இன்னும் ஒரு வருஷம் வீட்டுலயே இருக்கட்டும், போங்க" என்றார்.

மாஸ்டர் மூச்சை விட்டார். அவர் சிரிக்கவில்லை.

அவள் அவர் மூச்சு நின்றதைப் பார்த்து ஊற்றுவதை நிறுத்தினாளா, இல்லை, தானே நிறுத்திவிட்டு அவர்மேல் இரக்கப்பட்டாளா? இரண்டில் எது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருத்திக்குத் தெரிந்திருக்கும், அவளுக்கு அதைச் சொல்லத் தெரியாத வயது. மனைவிக்கு அது ஒரு வேடிக்கை. மாஸ்டருக்கு மட்டும் அப்படி இல்லை என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். அன்று பிற்பகல் ஒரு மாணவர் மைதானத்தில் நட்டிருந்த கம்பைச் சாய்த்தார். வண்டியில் முதல் கீறல் விழுந்தது. மாஸ்டரின் கால் பிரேக் பக்கமே போகவில்லை என்று அந்த மாணவரே எல்லோரிடமும் ஆச்சரியப்பட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மனைவி வழக்கம்போல் விடிந்ததும் கிளம்பிப் போனார். மாஸ்டர் வாண்டுவைக் குளிப்பாட்டி, சட்டையைக் கையில் கொடுத்தார். அவள் நெடுநேரம் போராடிப் பொத்தான்களைப் போட்டாள், ஒன்று தள்ளி ஒன்றாக. காலரின் ஒரு பக்கம் காதைத் தொட்டது. அப்படியே கையைப் பிடித்துத் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். சேர்க்கைக்குக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற டீச்சர் குனிந்து பொத்தானைச் சரிசெய்யப் போனபோது, "இருக்கட்டும் டீச்சர், அவ பாத்துப்பா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை வேறு யாராவது கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். வாண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

அங்கிருந்து நேராகப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், காலை பேட்ச் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

மதியம் மனைவி கேட்டார். "நான்தான் வேண்டாம்னு சொன்னேனே. வீட்டுல இருக்கட்டும்னு சொல்லிட்டேனே. உங்களுக்கு என்ன ஆச்சு? இத்தனை வருஷமா வேண்டாம்னு சொன்ன காலை பேட்ச்சை இப்போ ஏன் எடுத்தீங்க?"

"காலையில டிராஃபிக் கம்மி" என்றார் மாஸ்டர்.

அலுவலக வேன்களும் பள்ளிப் பேருந்துகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டிலிருந்து கூஜாவை எடுத்து அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.