அத்தையோடு நான் போக வேண்டிய படகு

கொல்லத்துப் பக்கம் காயலில் படகு வாடகைக்குத் தருகிறார்கள், நாமே துடுப்புப் போட்டுக்கொண்டு போகலாம் என்று அத்தை செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். மஞ்சள் நிறத்தில் ஒடுக்கமாக, நீளமாக, ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் படகு. கயாக் என்று பெயராம். முன்னால் நீ, பின்னால் நான் என்று அத்தை வாக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து கட்டிலின் நுனியில் உட்கார்ந்து விளக்குமாற்றால் துடுப்புப் போட்டுப் பழகினேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. காலையில் இராஜபாளையத்தில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். வந்த நேரத்திலிருந்து அவள் எனக்குச் சொந்தம். தலை பின்னிவிடுவது, கணக்குச் சொல்லித்தருவது, பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது எல்லாம் அவள்தான். அம்மாவிடம் நான் பசித்தால் மட்டும் போவேன். அத்தைக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்று தெருவே கவலைப்பட்டது. அதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவ்வப்போது யாராவது வீட்டுக்கு வருவார்கள். அத்தை பட்டுச்சேலை கட்டி, காபி கொண்டுபோய் வைப்பாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போவார்கள். அதோடு சரி. பிறகு சில நாள் அத்தை என் சடையை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பின்னுவாள்.

காயலுக்குக் கிளம்பிய அன்று காலையிலேயே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அத்தை என் தலையை அம்மாவிடம் தள்ளிவிட்டுத் தன் தலையைக் கண்ணாடி முன் நின்று பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். வேன் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றது. கட்டையாக முடி வெட்டிய ஒருவர் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் நண்பரின் தம்பி, சுந்தரபாண்டியத்துக்காரர், மிலிட்டரியில் இருந்து லீவில் வந்திருக்கிறார், அவரும் காயல் பார்த்ததில்லையாம் என்று அப்பா என்னிடம் விளக்கம் சொன்னார். கேட்காமல் எதற்கும் விளக்கம் சொல்கிறவர் இல்லை அப்பா. அம்மா அவரை மாமா என்று கூப்பிடச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செங்கோட்டையில் காலைச் சாப்பாடு. எந்த ஓட்டலுக்குப் போனாலும் அத்தை தோசையின் முறுகல் ஓரத்தைப் பிய்த்து என் இலையில் வைப்பாள். அன்று அந்த ஓரத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். வேண்டுமென்று செய்ததல்ல, என் ஞாபகமே அவளுக்கு இல்லை. அவர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோசை ஓரம் எனக்குக் கிடைக்காததற்குக் காரணம் அவர்தான் என்று எப்படியோ எனக்குத் தெரிந்துவிட்டது.

மலையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தென்னைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. ஆணியில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் ஈரமாகத் தொங்கின. கொட்டகைக்காரர் மலையாளம் கலந்த தமிழில் துடுப்பை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் போட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டினார். அத்தையும் அந்த மிலிட்டரிக்காரரும் ஒரு படகில் போகட்டும், நான் அப்பா அம்மாவுக்கு நடுவில் உட்காரட்டும் என்றார் அப்பா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். வீட்டில் யாரிடமும் கலந்து பேசாமல் அங்கேயே ஒரு முடிவெடுத்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"இவ அவியகூடப் போகட்டும். நான் ஒத்தைப் படகுல வாரேன்" என்றாள்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. தண்ணியில் பழக்கமில்லாதவள் தனியாக எப்படி என்று அம்மா தடுத்துப் பார்த்தாள். அத்தை அதற்குள் சிவப்பு நிறச் சின்னப் படகில் காலை வைத்துவிட்டாள்.

எனக்குக் காட்டிய அதே மஞ்சள் படகில், அத்தை இருக்க வேண்டிய இடத்தில், அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். முதுகில் அவர் இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. நான் துடுப்புப் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவர் முன்னே தள்ளத் தள்ள நான் பின்னே தள்ளினேன். படகு சுற்றியது. அவர் நேராக்கினார். துடுப்பை வேகமாக வீசி அவர் மேல் தண்ணீர் அடித்தேன். வெயிலுக்கு நல்லாயிருக்கு என்றார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டதைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தேன். தண்ணீருக்குள் நிற்கும் கண்டல் மரங்களின் வேருக்குள் படகைக் கொண்டுபோய்ச் செருகினேன். கிளை அவர் கையைக் கீறியது. வேரில் துடுப்பை ஊன்றி மெதுவாக வெளியே எடுத்தார். அத்தையின் சிவப்புப் படகு எங்கள் பின்னாலேயே, ரொம்பவும் நெருங்காமல் வந்துகொண்டிருந்தது.

கடைசி ஆயுதமாக, அத்தை தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள், பக்கத்தில் யாரும் படுக்க முடியாது, என்னால் மட்டும்தான் முடியும் என்று சொன்னேன். தான் குறட்டை விடுவதாகப் பட்டாளத்தில் எல்லோரும் சொல்கிறார்கள், யார் சத்தத்துக்கு யார் எழுந்திருப்பார்களோ தெரியவில்லை என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. துடுப்பைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தேன்.

அது மிதந்து போயிற்று. இனித் திட்டுவார் என்று கழுத்தைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவர் அதைத் துரத்திப் போய், குனிந்து எடுத்து, தண்ணீரை உதறி, என் மடியில் வைத்தார்.

"ஒனக்கு என்னயப் புடிக்கல. அதுக்கு என்ன, பரவால்ல. அத்தைகிட்டப் போறியா?"

நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ள ஒரு மணல் திட்டுக்குப் படகைக் கொண்டுபோனார். அத்தை வந்ததும் இறங்கி, அவளுடைய சின்னப் படகை அவர் எடுத்துக்கொண்டார். அத்தை என் பின்னால் ஏறினாள். அவர் முன்னால் போய்விட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கொஞ்ச தூரம் போனதும் அத்தை கேட்டாள். "ஏட்டி, அவிய மேல தண்ணி அடிச்சேல்லா?"

"ஆமா."

"வஞ்சாகளா?"

"இல்ல, திட்டல."

"துடுப்ப எறிஞ்சியே, அப்ப?"

"அப்பவும் வையல" என்றேன். அவருக்கு ஒரு நல்ல பெயர் போய்ச் சேருகிறதே என்று எனக்கு எரிச்சல். ஆனால் அத்தையிடம் நான் பொய் சொன்னதில்லை. "அவியளுக்குக் கோவமே வராது போல. மக்கு" என்று சேர்த்துக்கொண்டேன்.

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றுவிட்டது. படகு தானாக ஓரமாக ஒதுங்கியது. அத்தைக்குக் கை வலிக்கிறது போல என்று நினைத்து நானே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

ஆவணியில் அத்தைக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. அடுத்த மாதமே நீண்ட லீவு போட்டுவிட்டு அவரோடு வடக்கே ரயிலேறிப் போனாள். இனிக் காபித் தட்டோடு யார் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டதால் அம்மாதான் காயலுக்கு அவரையும் கூட்டிப்போகும் யோசனையைச் சொன்னாளாம். இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. படகு மாறி உட்கார்ந்தது மட்டும் அம்மாவின் யோசனை இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அத்தையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் ஒருவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. அன்று அதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள், அவரைக் கொஞ்சமும் பிடிக்காத நான்.

அன்று காயலிலிருந்து திரும்பி வரும்போது வேனில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். அத்தை என் ஈரத் தலையைப் பிரித்து, வலிக்காமல் பின்னிக்கொண்டிருந்தாள். டிரைவர் பக்கத்தில் காய்ந்தும் காயாத சட்டையோடு உட்கார்ந்திருந்தவரை அரைக்கண்ணால் பார்த்தேன். அத்தையை அவரிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்துவிட்டேன் என்ற நிம்மதியில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.