ராவிய கோடு

இருபது வருஷம் இருக்கும். ஆமத்தூர்ப் பக்கம் பொம்மைத் துப்பாக்கிக் கம்பெனியில் நானும் செல்வியும் துப்பாக்கியின் உள்பல்லை அரத்தால் ராவி ஸ்பிரிங் மாட்டுவோம். யார் வேலை என்று தெரிய, கைப்பிடிக்குள் அவள் சிவப்புப் பொட்டு வைப்பாள், நான் பச்சை.

துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் கேப்பை நான் திருடுவதாக முதலாளியிடம் போட்டுக்கொடுத்தாள். எல்லோர் முன்னும் என் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்தார்கள். சோறுதான் கொட்டியது.

அன்றே, ஆர்டருக்குக் காட்ட வைத்திருந்த அவள் துப்பாக்கியில், கேப்பை அடிக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பல்லை அரத்தால் மழுக்கினேன். மறுநாள் வியாபாரி கட்டைவிரலால் சுத்தியலை இழுத்தார், நிற்கவே இல்லை. முதலாளி கழற்றினார். உள்ளே சிவப்புப் பொட்டு.

செல்வி வாங்கிப் பார்த்தாள். ராவிய கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அங்கே இடது கைக்காரி நான் ஒருத்திதான். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினாள்.

“என் கைதான் தப்பிருச்சு அண்ணாச்சி, ஏசாதீக.”

அவளுக்கு வேலை போயிற்று. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சாகும்வரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள், பாவி.